பின்வாசல் வெள்ளைப் பூ

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்வாசலில், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் நித்தியகல்யாணி வளர்த்தேன். எங்கள் கிறிஸ்து வேதக்காரக் குடும்பங்களில் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. சும்மா பார்க்கத்தான் வளர்த்தது. மற்ற வீடுகளில் ரோஸ் நிறத்தில் பூக்கும். என்னுடையது வெள்ளை, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. வெயிலில் காயாது, ஆடு வாய் வைக்காது.

என் மூத்த மகள் நடக்கத் தொடங்குமுன்னே பேதியில் போய்விட்டாள். அவள் குழிமேல் கல் வைக்க எங்களுக்கு வகையில்லை. வைத்த மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது.

"ஏளா, ஒன் செடியில ஒண்ணப் புடுங்கி அங்கன வையி. அது சாவாது. நமக்கு அடையாளமா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

வைத்தேன். கல்லறைத் தோட்டத்தில் அந்த மூலை பூராவும் சின்னப் பிள்ளைகளின் மண்மேடுகள். அத்தனைக்கும் நடுவில் வெள்ளைப் பூ ஒன்றுதான். கதவண்டை வரும்போதே என் பிள்ளை கிடக்கிற இடம் தெரியும்.

மற்றத் தாய்மாரும் பார்த்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வருகையில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கும் ஒரு நாத்து தாங்க. எம்பிள்ள மேல ஆடு ஏறி நின்னு மேயுது."

இல்லையென்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். அவளைக் கண்டு வேறு சிலரும் வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன்.

ஐப்பசியில் அடைமழை. நான் அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டு படுக்கையில் கிடந்தேன். தை மாதம் போய்ப் பார்த்தால், மேடெல்லாம் கரைந்து தரையாகியிருந்தது. விதை சிதறி முளைத்து, மூலை முழுவதும் வெள்ளை. நான் நட்டது எது, தானாக வந்தது எது, ஒன்றும் தெரியவில்லை.

கோயில் மணியடிக்கிற அண்ணாச்சிதான் என் பிள்ளைக்குக் குழி வெட்டினவர். கூச்சத்தை விட்டு அவரிடம் கேட்டேன்.

"இங்கனதாம்மா, எங்கயோ" என்று கையை வீசிக் காட்டினார். "அழகாத்தான பூத்துக் கெடக்கு?"

வீட்டில் வந்து அழுதேன். "கர்த்தருக்குத் தெரியும்ளா, விடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கல்லவா தெரியவேண்டும்!

பின்வாசல் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைத்து நின்றது.

அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்கப் போகிற நாளிலெல்லாம் கதவண்டையே நின்று செபம் பண்ணிவிட்டுத் திரும்பிவிடுவேன். உள்ளே போனால் எந்த இடத்தில் அவளை மிதித்துவிடுவேனோ என்று பயம்.