கழுத்து ஆபரேஷன் என்று ஊருக்குச் சொன்னது

என் மார்பைக் குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது 2002ஆம் ஆண்டு. புனேயில் கணபதி விசர்ஜனம் முடிந்து, சாலையோரங்களில் குலால் பொடி இன்னும் சிவப்பாக அப்பியிருந்த வாரம். தேதி, கிழமை, திதி எல்லாம் நினைவிருக்கின்றன. சொன்னால் அம்மா, "எதுக்குட்டி அதையெல்லாம் ஊருக்கு எழுதுதே?" என்பாள். குலாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொண்ணூறுகள் முழுவதும் எனக்குக் கழுத்துவலி. கசார்வாடியிலிருந்து புனேயின் கேம்ப் பகுதியில் இருந்த அலுவலகத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதால் வருகிறது என்றார் ஒரு மருத்துவர். தலையணை சரியில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வெள்ளையாக ஒரு கழுத்துப்பட்டை கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் யாரிடமோ கோபித்துக்கொண்ட வாத்து மாதிரி இருப்பேன். உள்ளாடையின் வார் இரண்டு தோளிலும் வாய்க்கால் வெட்டியிருந்ததை அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் கேம்ப்பில் ஒரு பெண் மருத்துவர்தான் தோளைப் பார்த்துவிட்டு, "கழுத்து பாவம், அதன்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?" என்றார்.

அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தழும்பு இருக்கும், மங்கும், மறையாது. உணர்ச்சி சில இடங்களில் மரத்துப்போகலாம், திரும்பாமலும் போகலாம். இனி குழந்தை பெற்றால் பால் கொடுக்க முடியாமல் போகலாம். என் மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையை நாங்கள் என்றோ மூடிவிட்டோம். என் கணவர் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மாமரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் கேட்டாள்: "எவ்வளவு எடுப்பாவளாம்?"

"ரெண்டு பக்கமும் சேத்து ஒரு கிலோவுக்கு மேல இருக்குமாம்மா."

"ஒரு கிலோவா! அதையுமா சொமந்துக்கிட்டு பஸ்ஸுல நின்னே?" அரை நிமிடம் இரக்கப்பட்டாள். பிறகு முகம் மாறியது. "அது சரி, பில்டிங்குல கேட்டா என்னன்னு சொல்ல?"

பதிலையும் அவளே கண்டுபிடித்தாள். என் கழுத்துவலி கட்டடம் முழுக்கப் பிரசித்தம். ஆகவே கழுத்து ஆபரேஷன். அம்மாவின் இந்தியில், "கர்தன் ஆபரேஷன்". நானும் மறுக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை மருத்துவர் என்னை நிற்க வைத்து, மையால் மார்பெங்கும் கோடு போட்டார். தையற்காரர் துணியில் சாக்கட்டியால் போடுவாரே, அதே கவனம். விழித்தபோது வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. பாறாங்கல்லைக் கட்டிவைத்த மாதிரி இறுக்கம்தான். இரண்டு பக்கமும் விலாவிலிருந்து ஒரு குழாய். அதன் நுனியில் நீர் வடிய ஒரு சின்னப் புட்டி. கையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது. இறுக்கமான உள்ளாடையை இரவும் பகலும் கழற்றக் கூடாது. தலை வாரிவிடுவது அம்மா. எனக்குப் பள்ளிக்கூடக் காலத்து இரட்டைச் சடை திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தபின்தான் நாடகம். அழைப்புமணி அடித்தால் அம்மா, "ஏட்டி, பட்டை!" என்று உள்ளே குரல் கொடுப்பாள். நான் பழைய கழுத்துப்பட்டையை மாட்டிக்கொள்வேன். கை தூக்க முடியாததால் அதையும் அவளே ஓடிவந்து மாட்டிவிட்டு, மூச்சிரைக்கக் கதவைத் திறப்பாள். புட்டிகளை ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தேன். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாளை நாங்கள் காகு, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம்; அவர் கண் நேராக அதில்தான் விழுந்தது.

"கழுத்தில்தானே ஆபரேஷன்? குழாய் ஏன் இடுப்புக்குப் போகிறது?"

அம்மா சளைக்கவில்லை. "தண்ணி மேலயிருந்து கீழதான வரும்?" என்றாள் தன் இந்தியில். காகுவால் அதை மறுக்க முடியவில்லை.

இது இப்படியே முடிந்திருக்கும். காகுவின் கணவர், நாங்கள் காகா என்று கூப்பிடுபவர், தானே வந்து நின்றதுதான் சிக்கல். தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உண்மையாகவே கழுத்தெலும்பில் தேய்மானம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவரும் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். கழுத்தைத் திருப்ப முடியாதவர் என்பதால் உடம்பையே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"தழும்பு எங்கே மகளே?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"முன்னால," என்றாள் அம்மா.

அவர் பட்டைக்கு மேலே பார்த்தார். "தெரியவில்லையே!"

"கொஞ்சம் கீழ," என்றாள் அம்மா. வாழ்நாளில் அவள் சொன்ன மிகத் துல்லியமான உண்மை அதுதான்.

காகா அசந்துபோனார். "என்ன நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய்! முகத்தில் வலியே இல்லை. இவ்வளவு சுலபமா? நானும் தீபாவளி முடிந்ததும் செய்துகொள்கிறேன்." வாசல்வரை போய்த் திரும்பி வந்து என் தலையில் கைவைத்து, "உன்னால்தான் எனக்குத் தைரியம் வந்தது" என்றார். கூடவே வந்து அவர் பின்னால் நின்ற காகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவு சாத்தியதும் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, அவரு என்னையப் பாத்துட்டுக் கழுத்தக் குடுக்கப் போறாரு. போயி உண்மையச் சொல்லு."

"நீ சொல்லு. ஒன் ஒடம்பு."

"ஒன் பொய்யி."

"ஆம்பளைகிட்ட எந்த வார்த்தையிலட்டி சொல்ல? எனக்கு இந்தியில அதுக்கு வார்த்தை தெரியாது. தெரிஞ்சாலும் வராது."

"காகுட்ட சொல்லு."

அம்மா ஒரு கிண்ணத்தில் பருப்புப்பொடியை எடுத்துக்கொண்டு போனாள். சங்கடமான எந்தக் காரியத்துக்கும் அவள் வெறுங்கையோடு போகமாட்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. முதலில் அம்மாவின் தயங்கிய இந்தி. பிறகு சத்தமே இல்லை. கையால் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. அப்புறம் காகுவிடமிருந்து நீளமாக ஒரு "அய்ய்யா!" அதற்கடுத்து வந்த சிரிப்பில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இருவரும் எதையோ பிடித்துக்கொண்டு சிரித்திருக்க வேண்டும். கிண்ணம் விழுந்து உருண்டது.

காகாவுக்குக் காகு என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாளிலிருந்து மாடிப்படியில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு, கழுத்து இடம் கொடுத்த மட்டும் நிமிர்ந்து மேற்கூரையை ஆராய்வார். தீபாவளி முடிவைக் கைவிட்டார். வேறொரு மருத்துவரிடம் தன் கழுத்தைப் பற்றி மட்டும் கேட்டு, உடற்பயிற்சியில் இறங்கினார். என் பட்டையை அவருக்கே கொடுத்துவிட்டேன். அவருக்கு அது கம்பீரமாகத்தான் இருந்தது.

தையல் பிரித்து, நான் முதன்முறையாகக் கையைத் தூக்கி என் தலையை நானே வாரிக்கொண்ட சமயம் அது. காகு மட்டும் தனியாக வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். முந்தானையைச் சரிசெய்து, தோளில் வார் அழுந்திய இடத்தை நீவிக்கொண்டு, எனக்கும் அம்மாவுக்கும் நடுவே எங்கோ பார்த்தபடி கேட்டார்:

"ஆபீஸுக்கு எத்தனை நாள் லீவு போட்டாய்?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். மைக்கோடு, குழாய், புட்டி, மரத்துப்போவது, இறுக்கமான உள்ளாடை கேம்ப்பில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுவரை. வார்த்தை வராத இடங்களில் கை வந்தது. வாரக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள், மருத்துவமனையில் இருபது வருட அனுபவம் உள்ள நர்ஸ் போலப் பேசினாள்.

காகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சரி, பில்டிங்கில் என்னவென்று சொல்வது? எங்கள் வீட்டில் கழுத்து ஏற்கெனவே அவருடையது."

அம்மா யோசித்தாள். உண்மையிலேயே மிகத் தீவிரமாக யோசித்தாள்.

"முழங்கால்னு சொல்லிருங்க," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நம்ம வீட்டுல முழங்கால் பட்டை ஒண்ணு கெடந்துச்சே, எங்க?"