மேலிருந்து மட்டும் அழகு: பொழிச்சலூர், பொத்தேரி பூங்காக்களில் ஒரு சனிக்கிழமை

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சபைக்குள் பேசி ஆகப்போவது எதுவுமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பூங்கா பார்க்கப் போகிறவர்களுக்கு வழியும், பூங்கா போடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இதில் உண்டு.

தாம்பரம் பக்கம் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு கிரவுண்டு நிலம். ஓரம் மேடு, நடு தாழ்வு, கிண்ணம் மாதிரி. மேட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம். ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் அந்தச் சரிவில்தான் உட்கார்ந்து பேசுவார்கள். மரத்தை எடுத்து, மண் கொட்டிச் சமப்படுத்தி, சிலுவை வடிவில் புல்வெளி போடலாம் என்றது கமிட்டி. ஞாயிற்றுக்கிழமை சபையார் கை தூக்கிச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நான் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுப்பவன். மரத்தையும் சரிவையும் அப்படியே வைத்து இதே நிலத்துக்கு முன்பு ஒரு வரைபடம் கொடுத்திருந்தேன். அதன் பின்பக்கத்தில், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட கணக்கை எழுதினார்கள். நான் மறக்கவில்லை.

கமிட்டிச் செயலாளர் என் மனைவியின் அண்ணன். அவர் மாறினால் கமிட்டி மாறும். எனவே அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். பம்மல் நெரிசலில் முக்கால் மணி நேரம் கரைந்தது. பொழிச்சலூரில் இறங்கும்போதே எனக்கு அலுத்துவிட்டது. அங்கே ஒரு சின்னப் பூங்காவில் புல்வெளியைத் தாமரை வடிவில் வெட்டியிருக்கிறார்கள். வாசல் பலகையில் மேலிருந்து எடுத்த படம். அதில் அருமையான தாமரை. உள்ளே போனால் வளைந்த சிமெண்ட் விளிம்புகள், நடுநடுவே புல். வாசலில் நின்றாலே கடைசிச் சுவர் வரை தெரிந்துவிடுவதால், உள்ளே நடக்க ஒரு காரணமும் இல்லை.

நடைப்பயிற்சியில் இருந்த ஒரு பெண்மணியிடம், "இந்தப் புல்வெளி என்ன வடிவம்க்கா?" என்று கேட்டேன்.

"வடிவமா? புல்லு கீது, தெர்ல? இந்தக் கல்லுல ரெண்டு வாட்டி தடுக்கி வுழுந்துகீறேன் சார். அதான் தெரியும்."

மச்சானைப் பார்த்தேன்.

"மேல இருந்து பாக்குறவர் ஒருத்தர் இருக்காருல்ல மாப்ள, அவருக்குத் தெரியும்" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்வாகப் போனது. "அவங்களுக்கும் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுபடி பல்லாவரம், மறுபடி ரயில். பொத்தேரியில் இறங்கி மாணவர் விடுதிகளைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பூங்கா. மனை பிரித்தபோது மிஞ்சிய கோணல் நிலம். யாரும் வடிவம் கொடுக்காததாலேயே தப்பித்திருக்கிறது. பாதை இறங்கி, புங்க மரங்களுக்குப் பின்னால் திரும்புகிறது. திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் கால் தானாக நடக்கிறது. திரும்பினால் ஒரு புல் சரிவு. உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் மேடு, கண்ணுக்கு முன்னால் வெட்டவெளி, எதிர்ச் சரிவில் மனித முகங்கள். நிலத்தின் அழகு பெரும்பாலும் இவ்வளவுதான்.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தார்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க, கேக் வெட்டணும்" என்றார்கள் மாணவர்கள். தள்ளிக்கொண்டார். அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"நல்லா இருக்கு மாப்ள."

"நம்ம இடமும் இதே சரிவுதான் மச்சான். அதைத்தான் மூடப்போறீங்க."

மச்சான் போனை எடுத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குனிந்து, நிமிர்ந்து படம் எடுத்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டார்.

"ஒரே படத்துல வரமாட்டேங்குது. ஃபாரின்ல இருந்து காசு குடுக்கிறவங்களுக்கு நான் என்னத்த அனுப்புறது? சிலுவைன்னா ஒரு போட்டோ போதும்."

அடுத்த ரயிலில் தாம்பரம் திரும்பினோம்.

ஞாயிறு அத்தனை கைகளும் உயர்ந்தன, என்னுடையதைத் தவிர. அந்த வாரமே ஜேசிபி வந்தது. சிலுவைப் புல்வெளி முடிந்ததும் எடுத்த ட்ரோன் படத்தை வாட்ஸ்அப்பில் எல்லோரும் புகழ்ந்தார்கள். இப்போது ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் சுவர் நிழலில் சற்று நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மச்சானும் நின்றபடியே டீ குடித்துவிட்டுக் காருக்குப் போகிறார்.

பொத்தேரிக்குப் போகிறவர்கள் மாலை நான்குக்கு மேல் போங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், உள்ளே கிடைக்காது. பொழிச்சலூர்ப் பூங்காவுக்குப் போக வேண்டாம், பலகையில் உள்ள படம் போதும். உங்கள் குடியிருப்பில் யாராவது பூங்கா வரைபடம் காட்டினால், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் நின்று பாருங்கள், பிறகு உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு கை தூக்குங்கள்.

எழுதி முடித்ததை மனைவியிடம் காட்டினேன். முழுதும் படித்தாள்.

"எல்லாம் உண்மைதான், போடுங்க. உங்க பேர் மட்டும் வேணாம். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்லதான் சாப்பாடு."

பெயர் போடவில்லை.