அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஜெயா அக்காவின் வைஃபை

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். ஜெயா அக்கா காலமான செய்தி எங்கள் வேலைக் குழு வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் கட்டைவிரல் தூக்கும் படத்தை அனுப்பினேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். அந்தக் குழுவில் வருவதெல்லாம் அக்கா கொடுக்கும் வேலைதான் என்பதால் முதலில் கட்டைவிரல், பிறகு படிப்பு. படித்து முடிப்பதற்குள் ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள். அக்காவின் கணவர் போன் செய்து, "அவ இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா தம்பி" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நம் ஊர் ஜித்ராவில் அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் தொழிலும் தெரியும். கடை, ஆபீஸ், கிடங்குகளில் வைஃபை தரும் வெள்ளைப் பெட்டிகள் இருக்கின்றனவே, ஏபி என்போம், எது எங்கே என்று அவர் வரைந்து கொடுப்பார். மாட்டுவது நான். புது இடங்களில் எல்லாரும் என்னிடம்தான் பேசுவார்கள். கொஞ்ச நேரம் பெரிய மனிதனாகத் தலையாட்டிவிட்டுச் சொல்வேன்: "நான் படிச்சது மூணாங்கிளாஸ்தான், பாஸ். கம்பெனி இவங்கதான்." அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் வேலைக்குப் போனேன்.

பெண்டாங் அரிசி ஆலைக் கிடங்குதான் எங்களை உலுக்கியது. புதுத் தலைமுறை ஏபிகளைக் கூரையில் மாட்டினோம். காலிக் கிடங்கில் சோதித்தபோது மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் பறந்தது. அறுவடை முடிந்து மூட்டைகள் கூரைவரை ஏறியதும் எல்லாம் செத்துவிட்டது. மூட்டை அடையாளத்தைப் படிக்கும் ஸ்கேனர்கள் ஊமையாயின. ஒரு மூட்டைகூட நகரவில்லை.

"லோரி வெளிய ஜாலான் ரோடு வரைக்கும் நிக்குது லா! பினாங்கு வைஃபைக்காரனக் கூப்புடுறேன், நீங்க கழட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் ஆலை மேனேஜர். ஆலை கைவிட்டால் அக்காவை அந்த வட்டாரத்தில் வேறு எவர் கூப்பிடுவார்?

அக்கா சாக்குச் சொல்லவில்லை. "என் தப்புதான் அண்ணே. காலிக் கெடங்குல டெஸ்ட் பண்ணிட்டேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. சரியா வரலன்னா நானே கழட்டுறேன்."

"அக்கா, அரிசிக்கு வைஃபை பிடிக்கல போல" என்றேன்.

"அரிசியில ஈரம் இருக்கு தம்பி, சிக்னலக் குடிச்சிடும். பெட்டி புதுசு, மூட்டை அதே மூட்டைதான். நீ ஏணியில ஏறு, வாய் அப்புறம் ஏறட்டும்."

கூரையிலிருந்து எல்லா ஏபிகளையும் இறக்கினோம். மூட்டை வரிசைகளுக்கு இடையே உள்ள நடைபாதைகளின் கோடியில், பாதையை நேராகப் பார்க்கும்படி சுவரில் மாட்டினோம். அக்கா ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாதையிலும் நடந்தார். கடைசிப் பாதையின் முடிவில் அது 'பீப்' என்றபோது, லோரி டிரைவர்களே கைதட்டினார்கள். மேனேஜர் மெல்ல வந்து, "அடுத்த கெடங்கு கட்டுனா ஒங்களத்தான் கூப்புடுவேன்" என்றார். "மூட்டை அடுக்குன பெறகு கூப்புடுங்க" என்றார் அக்கா. செய்த தப்பை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, அதே கிடங்கில் தலைநிமிர்ந்து நடந்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஏபி மாட்டியவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை.

அந்த அடுத்த கிடங்கு போன வாரம்தான் திறந்தது. அக்காவின் கணவரும் நானும் போய் ஏபிகளை மாட்டினோம். "காலியா இருக்கப்பவே டெஸ்ட் பண்ணிடு லா" என்று அவசரப்படுத்தினார் மேனேஜர். "முடியாதுண்ணே, மொதல்ல அடுக்குங்க" என்றேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த 'முடியாது'தான். கூரைவரை அடுக்கினார்கள். ஸ்கேனரோடு எல்லாப் பாதையிலும் நடந்தேன். ஓரிடத்திலும் சிக்னல் அறுபடவில்லை.

அடுக்குமுன் எடுக்க மறந்த என் ஏணிதான் பின்சுவரில் சாய்ந்தபடி மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வரிசை தீபாவளிக்குத்தான் லோரி ஏறுமாம்.