குளிர்காற்று வரும்வரை

“ஒன்ட கையெழுத்து வடிவா இருக்கு புள்ள. அந்தக் கையில ஸ்பேனர் எதுக்கு?”

நான் வேலை கேட்டுப் போன அன்று எல்லோரும் நானா என்று கூப்பிடும் கராஜ் முதலாளி கேட்டது இது. வாகன ஏசி திருத்தும் பாடநெறியை முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உப்பளத்தில் வேலை செய்யும் வாப்பா இன்றைக்கும் கைநாட்டுத்தான் வைக்கிறார். நானா என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, பில் எழுதும் மேசையைக் காட்டினார். கராஜின் நீலச் சட்டை வாகனத்தில் கை வைப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார். எனக்கு அது கிடைக்கவில்லை.

பாலாவிச் சந்திக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கராஜுக்கு வருவதெல்லாம் லொறிகளும் வேன்களும்தான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடித்த நாட்களில், கண்டக்குழி விடுதியில் தங்கியிருந்த கொழும்புச் சிங்கள மாத்தையா ஒருவர் தனது சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். கூரையைத் திறந்துவிட்டுக் கடற்கரையோரம் ஓடித் திரிந்திருக்கிறார். ஏசியின் எந்தப் பட்டனை அழுத்தினாலும் சூட்டுக் காற்றே வந்தது. எங்கள் ஏசிக்காரர் சோதித்துவிட்டு, டேஷ்போட்டிலிருக்கும் கொன்ட்ரோல் யூனிட் பழுது என்று புதிதுக்குச் சொல்லிவைத்தார். அது கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் உம்ராவுக்காக மக்கா போய்விட்டார். மாத்தையாவோ அன்று பின்னேரமே புறப்பட வேண்டும் என்று நின்றார்.

நான் மாற்றித் தருகிறேன் என்றேன். மாத்தையா நானாவிடம் சிங்களத்தில், இந்தப் பிள்ளையா என்று கேட்டார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஓம், நான்தான் என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

நானா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “பிழையாப் போனா இனி ஸ்பேனர் தொடுற கதையே கதைக்கப்படாது. மேசையோட இருக்கணும். சரியா?”

“சரி வந்தா, நானா?”

அவர் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார்.

பெற்றரி வயரைக் கழற்றினேன். திறந்த டேஷ்போட்டுக்குள் மணல் போகாதபடி கூரை மூடியிருந்த காரைக் காற்றுக்கு முதுகுகாட்டித் தள்ளி நிறுத்தச் சொன்னேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி இருந்தது. நெம்பும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மாத்தையா மூச்சை இழுத்தார். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். உடைந்தது ஒன்றுமில்லை, கிளிப் ஒன்று விடுபட்டிருந்தது. பழைய யூனிட்டை இழுத்தெடுத்தபோது அதன் பின்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வயர் முனைகளைத் துடைத்துக் காயவைத்து, புதியதைப் பொருத்தி, பெற்றரி வயரையும் திரும்ப இணைத்தேன்.

சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருக்கும் சின்ன மோட்டர்கள் காற்றுக் கதவுகளைத் திறந்து மூடித் தம் அளவைப் பிடிக்கும், சத்தம் நிற்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொன்னேன். பிறகு சாவியைத் திருப்பினேன். சத்தம் தொடங்கியது. நானா ஜன்னலால் கையை விட்டுப் பட்டனை அழுத்தினார்.

“காத்து வருதான்னு பாத்தன்.”

சத்தம் பாதியில் நின்றது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் குளிர்ந்தது. ஓட்டுபவரின் பக்கம் கொதித்தது. மாத்தையா மணிக்கூட்டைப் பார்த்தார். கழற்றிப் பழையதையே போட்டுக் கொடு, ஏசிக்காரர் வரட்டும் என்றார் நானா. பிழை என் தலையில் விழப்போகிறது என்பது விளங்கிவிட்டது.

நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. பெற்றரி வயரை மறுபடி கழற்றி, கொஞ்சம் பொறுத்து, மோட்டர்கள் முதலிலிருந்து தொடங்கட்டும் என்று திரும்ப இணைத்தேன். உள்ளே ஏறிக் கண்ணாடிகளை உயர்த்தினேன். கதவையும் உள்ளிருந்து பூட்டினேன். என் முதலாளிக்கு எதிராகத்தான் பூட்டினேன்.

சாவியைத் திருப்பிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். டிக் டிக் என்று மோட்டர்கள் மறுபடி தொடங்கின. உள்ளே வெக்கை அடுப்படி மாதிரி இருந்தது. ஸ்கார்ஃப் கழுத்தோடு ஒட்டியது. நானா கண்ணாடியில் தட்டினார். அவருடைய வாய் அசைவது தெரிந்தது, சொன்னது கேட்கவில்லை. நான் அவரைப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வலப்பக்க மோட்டர் ஓரிடத்தில் இழுத்து இழுத்து நின்றது. பிழையாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு அது நகர்ந்தது. சத்தம் அடங்கியது.

எஞ்சினை ஓடவிட்டேன். முதலில் வந்தது சூட்டுக் காற்று. அது மெல்லக் குறைந்து, ஓட்டுபவரின் பக்கத்தாலும் குளிர் வந்து என் முகத்தில் பட்டது. உடனே இறங்கவில்லை. அந்தக் குளிரை முதலில் அனுபவிக்கும் உரிமை எனக்கு இருந்தது.

கதவைத் திறந்ததும் நானா கையை நீட்டிப் பார்த்தார். “குளிருதுதான்,” என்றார். மாத்தையா நன்றியை என்னைப் பார்த்தே சொன்னார்.

அடுத்த நாள் காலை, ஏசிக்காரர் திரும்பும்வரை வருகிற ஏசி வேலைகளை நீ பார் என்றார் நானா. அதற்குப் பிறகு என்ன என்பதை யோசிப்போம் என்றார். நான் தலையாட்டினேன். அவர் யோசிக்கட்டும். முந்தின நாள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தையல்கார ராத்தாவிடம் இறங்கி, நீளக் கை வைத்த நீலச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.