சக்கரம் நிற்க எடுத்த நேரம்

திருப்பாலைக்குடியில் எங்கள் மீன்பிடி வல்லத்து என்ஜின் அண்ணனின் வலது கையில் நான்கு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. நங்கூரக் கயிறு நழுவி, என்ஜினின் கனத்த இரும்புச் சக்கரத்தில் விழுந்திருக்கிறது. என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் குனிந்து கயிற்றை இழுத்ததாக அண்ணன் சொன்னான். வல்லத்தின் முன்பக்கம் நின்றிருந்த அய்யா, பெற்ற மகனை நம்பவில்லை.

“சக்கரம் ஓடுனத என் கண்ணால பாத்தேன். நிப்பாட்டாமத்தானலே கைய விட்ட?”

இரண்டு வருடம் இதையே சொன்னார். பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அண்ணன் ஐஸ் கம்பெனியில் வண்டிகளுக்குக் கேட் திறந்துவிடும் வேலைக்குப் போனான்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். நிறுத்திய பிறகும் சக்கரம் ஓடும் என்று தெரியும். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. கரையில் தார்ப்பாய்க்குள் கிடந்த என்ஜின் உப்பேறி இறுகிவிட்டிருந்தது.

அதனால் சக்கரத்தை மட்டும் கழற்றி எடை போட்டேன். வலைக் கொட்டகை உத்திரத்திலிருந்து, ஒரே நீளமுள்ள மூன்று கம்பிகளில் கிடையாகத் தொங்கவிட்டேன். லேசாகத் திருகி விட்டால் இப்படியும் அப்படியும் திரும்பும். எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறதோ, ஓடும்போது நிற்க அவ்வளவு முரண்டு பிடிக்கும். இருபது முறை திரும்பி வரும் நேரத்தைப் போனில் எடுத்தேன். அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே வரவில்லை.

உராய்வு எவ்வளவு என்று அறிய, எங்கள் ஆய்வகத்தில் இருந்த, சக்கரம் மட்டும் சிறிதான அதே வகை என்ஜினை வைத்துக்கொண்டேன். கணக்கை மூன்று தடவை போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து, மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

“நிப்பாட்டுன பெறகும் ஒம்பது செகண்டு ஓடியிருக்கும், அய்யா. அண்ணன் சொன்னது நெசம்.”

அய்யாவின் கை சோற்றிலேயே நின்றது. “அப்ப நான் பாத்தது அதுதானா” என்றார்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டான்.

“ஒம்பது எண்ணிட்டுக் குனிஞ்சிருந்தா?”

யார் சொன்னது உண்மை என்பதை மட்டுமே நான் யோசித்திருந்தேன்.

அய்யா இப்போது அவனிடம் பேசுகிறார். அவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறான். கணக்குப் போட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.