ஓடுற கார் தெளிவாத் தெரியுமா, தங்கச்சி?

மானிட்டர் வாங்குகிறவர் தனியாக வருவதே இல்லை. வேலைக்குக் கேட்கிறவரும் விளையாட்டுக்குக் கேட்கிறவரும் ஒரே வண்டியில்தான் வந்து இறங்குவார்கள். கவுண்ட்டரில் நின்று கால் வீங்கியவர்களுக்கு, "சும்மா பார்க்க வந்தோம்" என்பதைக் கேட்டும் சிரித்தவர்களுக்கு, இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருஷம் நின்றேன். சேர்ந்த புதிதில் கடை முழுக்க டி.வி. மாதிரி குண்டு மானிட்டர்கள். எல்.சி.டி. என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று மாதமாக அது ஷோகேஸை விட்டு நகரவில்லை.

ஒரு இஞ்ச் எங்கே?

கீழக்குயில்குடியிலிருந்து ஒரு விவசாயி, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் மகளோடு வந்தார். பதினேழு இஞ்ச் மானிட்டரைக் காட்டினேன். பையிலிருந்து டேப்பை எடுத்துத் திரையை மூலைக்கு மூலை அளந்தார். பதினாறுதான் வந்தது. "மிச்சம் ஒரு இஞ்ச் எங்க தாயி?"

மகள் "அப்பா, பேசாம இருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடியின் ஓரம் சட்டத்துக்குள்ளே மறைந்திருக்கும், கம்பெனிக்காரர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்று திக்கித் திணறி விளக்கினேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "வரப்பையும் சேர்த்துப் பத்திரம் எழுதுற ஆளு எங்க ஊர்ல மட்டும்தான் இருக்கான்னு நெனச்சேன். கட்டிக் குடு தாயி, கொண்டுட்டுப் போறோம்."

யார் ஓட்டுவது?

தாமோதரன் அண்ணன் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைகிறவர். திருநகரிலிருந்து மனைவியோடு வந்தார். ஜரிகைக் கோடு முடி மாதிரி மெலிசாக வரையணும், அது பிசிறில்லாமல் தெரிய நல்ல ரெசல்யூஷன் வேண்டும் என்றார். சாயங்காலம் கார் ரேஸ் விளையாடவும் அதே மானிட்டர்தானாம். இருவரும் என் முன்னாலேயே சௌராஷ்டிர மொழியில் ஆலோசனை செய்தார்கள். எனக்குப் புரிந்தது "ரெசல்யூஷன்" என்ற ஒரு வார்த்தைதான்.

அன்று காலையில்தான் முதலாளி, "அந்த எல்.சி.டி.யை யார் தள்ளிவிடுறாங்கன்னு பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். என் வேலையை நிரந்தரம் பண்ணுவதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் அவர் முடிவு செய்ய இருந்தார். சர்வீஸ் பார்க்கும் சிக்கந்தர் பாய் என்னை முன்பே எச்சரித்திருந்தார். வேகமாக ஓடுகிற படம் அதில் இழுத்துக்கொண்டே போகும், சாய்ந்து பார்த்தால் ஒரு நிறம், நிமிர்ந்து பார்த்தால் ஒரு நிறம். தெரிந்தும் அதைத்தான் அவர்களுக்குக் காட்டினேன். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்து, "ஓடுற கார் தெளிவாத் தெரியுமா, தங்கச்சி?" என்றார்.

"சூப்பராத் தெரியும்கா" என்றேன். பில் போட்டாயிற்று. வாய் சும்மா இருக்காமல், "அண்ணனுக்கு கேம்னா அம்புட்டு பிரியமா?" என்று கேட்டேன். அக்கா சிரித்தார்: "அவருக்கு சைக்கிளே ஆட்டம் போடும். கேம்ல காரு ஓட்டுறது நான்தான்."

ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் இருவரும் பெட்டியோடு வந்து நின்றார்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு பிடி பட்டு நூலை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்தார். திரையில் பார்த்து அரக்கு என்று நம்பிச் சாயம் போடச் சொன்னது, செங்கல் நிறத்தில் வந்திருந்தது. தறிக்குப் போக வேண்டிய ஒரு பாவு நூல் முழுக்க வீண். கார் வால் முளைத்த மாதிரி ஓடுவதாக அக்கா சொன்னார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "இவங்ககிட்ட சரியாத்தானே எடுத்துச் சொன்ன?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் பழி அவர்கள் தலையில் விழுந்திருக்கும். அந்த நூலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல சார். தெரிஞ்சேதான் மறைச்சேன்" என்றேன். வேலை போயிற்று என்று சாப்பாட்டுப் பையைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளி எழுந்து போய், இருப்பதிலேயே நல்ல பத்தொன்பது இஞ்ச் குண்டு மானிட்டரைத் தூக்கிவரச் சொன்னார். ஜரிகைக் கோட்டையும் ஓடுகிற காரையும் அதில் காட்டச் சொன்னார். நூல் பாழானதற்கும் தானே பொறுப்பு என்றார். எல்.சி.டி.யைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னிடம் சொன்னார்: "அஞ்சு நாள் லேட்டாச் சொல்லியிருக்க. நாளையிலேருந்து பில் போடுறதுக்கு முன்னாடி சொல்லிரு."

சிபாரிசு

வேலை நிரந்தரமானது. அதன்பிறகு எது எதற்கு ஆகாது என்பதைத்தான் முதலில் சொல்வேன். விற்பனை குறையும் என்று பயந்தேன்; குறையவில்லை. சில மாதம் கழித்து நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, வேறு யாரும் வேண்டாம், என்னிடம்தான் வாங்குவேன் என்று அடம் பிடித்தார். பகலில் ஆராய்ச்சிக் கட்டுரை, மற்ற நேரம் செஸ். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

"தாமோதரன் வீட்டம்மா. 'அந்தப் பொண்ணு ஒரு தடவை பொய் சொல்லி மாட்டிக்கிருச்சு, இனிமே சொல்லாது, நம்பிப் போங்க'ன்னாங்க."

ஆறு வருஷத்தில் எத்தனையோ ரெசல்யூஷன் பார்த்துவிட்டேன். எந்த மானிட்டரும் இல்லாமல் என்னை அம்புட்டுத் தெளிவாகப் பார்த்தது அந்த அக்கா ஒருவர்தான்.