பெட்ரோல் குழாயோடு மல்லுக்கட்டிய நாள்

மேட்டுப்பாளையத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த என் அக்கா, மலைமேல் குன்னூரைத் தாண்டி ஜெகதளாவில் இருக்கும் எங்கள் வீட்டில் சில நாள் இருக்க ஆசைப்பட்டாள். என் பழைய காரோ ஏற்றம் வந்தாலே திணறும். நடுமலையில் அவளை நிறுத்திவிடக் கூடாதே என்று, அடைத்திருந்த பெட்ரோல் ஃபில்டரை நானே மாற்ற இறங்கினேன். வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆன மேதை நான்!

ஃபில்டரில் மாட்டியிருந்த குழாயின் மூட்டு, சேறு இறுகி அசையவே இல்லை.

"ஏனுங்க, அதென்ன கேரட்டுங்களா, இந்தப் புடுங்கு புடுங்கறீங்க? மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

வீராப்பில் குறடால் பிடித்துத் திருகினேன். மூட்டு உடைந்தது. பெட்ரோலில் குளித்தேன்.

கையைத் துடைப்பதற்குள் அக்காவின் கணவர் போனில் அழைத்தார். "மாப்ள, உடனே வாங்க. அக்காவுக்கு மூச்சு வாங்குது. உங்களையே கேக்கறா."

சீசன் நேரம், ஒரு டாக்ஸியும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போனேன். என் நாற்றத்துக்குப் பயந்து பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, ராஜ மரியாதைதான்.

நான் போய்ச் சேரும்முன் அக்கா போய்விட்டாள். "இப்பத்தான் மாப்ள... வாசல்ல எந்த வண்டி சத்தம் கேட்டாலும் நீங்கதான்னு சொன்னா" என்று அழுதார் மாமா.

இப்போதெல்லாம் எஞ்சின் ஆறிய பிறகு மூட்டின் சேற்றைக் கழுவி, குழாயை முதலில் உள்ளே தள்ளி, இருபக்கப் பூட்டையும் அமுக்கித்தான் இழுக்கிறேன். வராவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், ஓடும் நிலையில் இருக்கிற காரில் கையே வைப்பதில்லை. அன்று நான் தொடாமல் இருந்திருந்தால் அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். குன்னூர் தாண்டினால் மேட்டுப்பாளையம் வரை முழுக்க இறக்கம்தானே.